கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பாபு,

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம், விமானம் ஏறிய பிறகு படிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சரியில்லை. நீ ஊரில் இருக்கும்போதே படித்து, கோபம் வந்தால் நேரில் வந்து என் மீது கோபப்பட வேண்டும். அதனால் இன்றைக்கே படூரில் நீ தங்கியிருக்கும் இடத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். ஃபோனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். ஃபோனில் நீ ‘ஒண்ணும் ஆகாதுப்பா’ என்பாய், நான் ‘சரிப்பா’ என்று வைத்துவிடுவேன். இத்தனை வருடமாக நமக்குள் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. காகிதத்தில் எழுதினால் நடுவில் நீ பேச முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எங்களுக்காகக் கட்டிக்கொடுத்த இந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது என் பயம், என்னோடு போகட்டும் என்று இருந்தேன். போன வாரம் நீ அம்மாவின் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பினாய். இதே கடற்கரையில், கொஞ்சம் வடக்கே, கேளம்பாக்கத்தில் வேலை செய்கிற ஒரு கணவன் மனைவிக்காக நீ வரைந்திருக்கும் வீடு. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டே அதைக் கட்டி முடிப்பேன் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நம் வீடுதான். இன்னும் பெரிதாக, இன்னும் கண்ணாடியாக. அன்றைக்கு எழுத உட்கார்ந்தவன், கிழித்துக் கிழித்துப் போட்டு இன்றைக்குத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன்.

கட்டடக்கலைக் கல்லூரிக் கடைசி வருடத்தில் நீ எழுதிய ஆய்வை எங்களுக்கு விளக்கிச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வந்து கைலிக்கு மாறியிருந்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ‘உலகத்துல வீடு கட்டுற முறையையே மாத்தின ரெண்டு வீடு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல கட்டினது, நூறு வருஷம் ஆகப்போகுது’ என்று ஆரம்பித்தாய். ஒன்று பாரிசுக்கு வெளியே, புல்வெளி நடுவில், மெல்லிய தூண்கள் மேல் தூக்கி வைத்த வெள்ளைப் பெட்டி. கீழே ஒன்றும் இல்லை, கார் வந்து திரும்புவதற்கு இடம். மேலே நான்கு பக்கமும் நீளப் பட்டையாக ஜன்னல், தட்டையான மொட்டை மாடி, அங்கே தோட்டம், உள்ளே படிக்கட்டோடு ஒரு சாய்தளமும். இன்னொன்று செக் நாட்டில் ப்ருனோ நகரத்தில், ஒரு சரிவில். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணமாக, தாழ்வாகத் தெரியும். உள்ளே இறங்கிப் போனால் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. பித்தானை அமுக்கினால் அந்தக் கண்ணாடி அப்படியே தரைக்குள் இறங்கிவிடும், கூடம் தோட்டத்தோடு சேர்ந்துவிடும் என்று சொன்னபோது உன் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு வீட்டையும் நீ அளந்து, ஒப்பிட்டு, எது எப்படி எதைவிட மேல் என்று நிறைய சொன்னாய். வெள்ளை வீடு வெளியிலிருந்து பார்ப்பதற்கான வீடு, சரிவு வீடு உள்ளிருந்து பார்ப்பதற்கான வீடு என்று சொன்னது புரிந்தது. மற்றதெல்லாம் எனக்குத் தலைக்கு மேல் போய்விட்டது. என் மனசில் தங்கியது கட்டடங்கள் இல்லை, அவற்றில் குடியிருந்த இரண்டு பெண்கள். பாரிஸ் வீட்டுக்கார அம்மா கட்டியவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினாளாம், மழை உள்ளே வருகிறது, வந்து பாருங்கள் என்று. கூரைக் கண்ணாடியில் மழை விழுகிற சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று. ப்ருனோ வீட்டுக்கார அம்மா எழுதியது வேறு. இந்த மாதிரி வீட்டில் மனிதன் வாழ முடியுமா என்று பத்திரிகையில் யாரோ கேட்டதற்கு, வாழ முடியும், நாங்கள் சந்தோஷமாக வாழ்கிறோம் என்று அவளும் அவள் கணவனும் பதில் எழுதினார்கள். நீ இதைச் சொன்னதும் உன் அம்மா, ‘ரெண்டாவது வூடு எனக்கு. எனக்கு ஒண்ணு அப்படிக் கட்டிக் குடுடா’ என்றாள். நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ‘மொத வீட்ல கடைசில ஒழுகல் நின்னுதா இல்லியா?’ நீ சிரித்தாய். ‘அப்பா, அது சின்ன விஷயம்பா’ என்றாய்.

நான் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண் சந்தில் எப்போதோ வாங்கிப் போட்ட மனை இருந்தது. நீ அம்மாவுக்கு ஒரு வீடு கட்டாமல் அந்த இரண்டு வீட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாய். தூண்கள் மேல் தூக்கி வைத்தாய். மேலே தட்டை மாடி வைத்தாய். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடல் தெரிகிற கிழக்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கி, தரைக்குள் இறங்காவிட்டாலும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற மாதிரி செய்தாய். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. எங்கள் படுக்கையறைக்கே மூன்று சுவர்தான், நான்காவது கண்ணாடி. நான் உன்னிடம் சண்டை போட்டு வாங்கியது ஒரு ஸ்டோர் ரூம் மட்டும்தான். ‘பழைய பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் எங்கடா வெக்கிறது?’ என்றேன். உன் வரைபடத்தின் அழகு கெட்டுப்போகிறது என்று இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் மேற்கு மூலையில், படிக்கட்டை ஒட்டி, ஜன்னல்கூட இல்லாமல் ஒரு அறை கொடுத்தாய். அதற்கு நீ வைத்த பெயர் ‘அப்பாவோட குடோன்’.

குடிவந்தபோது உன் நண்பர்கள் காமிராவோடு வந்தார்கள். எல்லோரும் வெளியே நின்று படம் எடுத்தார்கள். அம்மாவை நீலப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி ஓரத்தில் நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போதும் காலையில் எழுந்ததும் நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறாள். சூரியன் கடலிலிருந்து கிளம்பி வருகிற வரைக்கும் பேசமாட்டாள். நான் சமையல்கட்டுப் பக்கம், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் குடிக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டபோது வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன். உண்மை என்னவென்றால், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போனாலே என் உடம்பு தானாக ஒரு அடி பின்னால் வைக்கிறது. மீன் கொண்டு வருகிற எல்லம்மா ஒருமுறை கீழே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ‘இன்னாங்கய்யா, நாங்க கட்டுமரத்துல வரச்சொல்லவே நீ இட்லி துன்றது தெரியுது. ஒனக்கு வெக்கமா இல்லியா?’ என்றாள். அன்றைக்கு நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து சாப்பாட்டைத் தூணுக்குப் பின்னால் எடுத்துப் போய்விட்டேன்.

என் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு, அது உனக்கும் தெரிந்ததுதான், ஆனால் நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாய். நீ மூன்றாவது படிக்கும்போது என் பஸ்ஸில்தான் வருவாய், எனக்கு நேர் பின்சீட்டில். திருக்கழுக்குன்றம் சாலையில் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து வந்து முன்கண்ணாடியில் விழுந்தது. டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. சாலை இல்லை, லாரி இல்லை, எதிரில் ஒன்றும் இல்லை. பின்னால் அத்தனை பிள்ளைகள், அதில் நீ. பக்க ஜன்னலில் தலையை நீட்டி ஓரங்கட்டி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ இறங்கி வந்து, ‘அப்பா, கண்ணாடி நட்சத்திரம் மாதிரி ஆயிடுச்சுப்பா!’ என்று குதித்தாய். வளர்ந்த பிறகும் எத்தனையோ பேரிடம் அந்தக் கதையை அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். நான் அன்று வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றேன். அம்மாதான் கழற்றிவிட்டாள். நேரே பார்த்துக்கொண்டிருந்த உலகம் ஒரு நொடியில் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறமும் பஸ் ஓட்டினேன், வேறு வழியில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து மாலையில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது வீடே அதுவாக இருக்கிறது.

முதல் மழையிலேயே படிக்கட்டுக்கு மேலே சொட்டியது. மொட்டை மாடிக் கதவுக்குக் கீழே ஒரு கோடு போல ஈரம், பிறகு சொட்டு. நான் வாளி வைத்தேன். உனக்கு ஃபோன் செய்யப் போனேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘வேணாங்க. புள்ள எவ்ளோ ஆசையா கட்டியிருக்கான். மனசு ஒடிஞ்சி பூடும். ஒரு வாளி தானே, நான் ஊத்திக்கிறேன்.’ அப்போது எனக்கு அந்தப் பாரிஸ் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவளுக்குக் கட்டிக்கொடுத்தது யாரோ. அதனால் தைரியமாக எழுத முடிந்தது. பெற்ற பிள்ளை கட்டிக்கொடுத்திருந்தால் அவளும் வாளிதான் வைத்திருப்பாள்.

இனி புயல் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ விசா வேலையாக டெல்லியில் இருந்தாய். புயல் தெற்கே கரையைக் கடக்கும், நமக்குக் காற்றும் மழையும்தான் என்றார்கள். காலையிலிருந்தே கடலிலிருந்து நேராகக் காற்று. மதியம் எல்லம்மா நனைந்துகொண்டு மேலே ஏறி வந்தாள். அவர்கள் குப்பத்து ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், எங்களையும் அழைத்துப் போக வந்திருந்தாள். ‘யக்கா, கெளம்பு. கண்ணாடி வூட்ல குந்திகினு இன்னா வேடிக்க பாத்துகினு கீற? அங்க சோறு கூட ஆக்கிகினு கீறாங்க.’ நான் குடையை எடுத்துவிட்டேன். உன் அம்மா நகரவில்லை. ‘எம்புள்ள கணக்குப் போட்டுக் கட்டின வூடு. இத வுட்டுட்டுப் பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தா, நாளைக்கு அவன் கேட்டா இன்னா சொல்லுவேன்?’ என்றாள். நான் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் எழுந்து போய், வேண்டுமென்றே கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குள் சந்தில் ஒரு சவுக்கு மரம் குறுக்கே சாய்ந்துவிட்டது. அதன் பிறகு யாரும் எங்கும் போக முடியாது என்று ஆகிவிட்டது.

கண்ணாடிச் சட்டங்கள் தடத்துக்குள் உதற ஆரம்பித்தன. அது ஒரு சத்தம், பாபு. வண்டி கியரில் விழாமல் உதறுமே, அப்படி. கீழ்த்தடம் வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எல்லம்மா, ‘மாரியாத்தா’ என்று சொல்லிக்கொண்டே தூணைக் கட்டிக்கொண்டாள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? உனக்கு வீடியோ கால் போட்டாள். அதுவரை உனக்குத் தெரியும். அவள் ஃபோனைக் கண்ணாடியை நோக்கிப் பிடித்து, ‘பாருடா, உன் வூடு எப்படி நிக்குது பாரு. உங்கப்பாதான் பயந்து சாவுறாரு’ என்று சிரித்தாள். நீயும் முதலில் சிரித்தாய். பிறகு நீ சிரிப்பதை நிறுத்தினாய். அந்தச் சின்னப் படத்தில் நீ என்ன பார்த்தாயோ, எனக்குத் தெரியாது. காற்றில் கண்ணாடி உப்பி உப்பி அடங்க, அதில் தெரிந்த எங்கள் நிழல் உள்ளும் வெளியும் போய்வந்ததைப் பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன். நீ போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ‘அம்மா, எழுந்திரு! எழுந்திரும்மா! அந்த எடத்த வுட்டு வா! அப்பா, அம்மாவ இழுத்துகிட்டு உள்ள போங்க! குடோனுக்குப் போங்கப்பா!’ உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் கீழே விழுந்தபோதுகூட நீ அப்படி அலறியதில்லை.

அவள் காற்றுக்குப் பயப்படவில்லை. உன் குரலுக்குப் பயந்து எழுந்தாள். ஃபோன் கட்டாகிவிட்டது, சிக்னல் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் குடோன் வாசலுக்கு வந்தோம். எல்லம்மா உள்ளே போனாள், நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரிய கிளை பறந்து வந்து அடித்தது. வடகோடிச் சட்டம், பாபு. அம்மாவின் நாற்காலி இருந்த இடம். முழுக் கண்ணாடியும் உப்புக்கல் போல உதிர்ந்து கூடம் முழுக்க இறைந்தது. கிளையின் முறிந்த முனை நாற்காலியின் முதுகைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் காபி டம்ளர் எங்கே போனது என்றே தெரியவில்லை. நீ வந்தபோது அம்மா உன்னிடம், ‘கிளை விழுந்து ஒரு கண்ணாடி பூட்ச்சி, நாங்க அந்தப் பக்கமே இல்ல’ என்று சொன்னாள். நாற்காலியை நான் எல்லம்மாவிடம் கொடுத்து, அடுப்பெரிக்கச் சொல்லி அனுப்பிவிட்டிருந்தேன். நீ பார்க்கக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். நீ எழுந்திரு என்று கத்தியதற்கும் கண்ணாடி போனதற்கும் நடுவில் அவள் கூடத்தைக் கடந்து நடந்த நேரம்தான் இருந்தது. அன்றைக்கு உன் அம்மா பிழைத்தது உன் பயத்தால்தான். உன் கணக்கால் இல்லை. இதை உனக்குச் சொல்லாமல் உன்னை விமானம் ஏற்ற என்னால் முடியவில்லை.

குடோனுக்குள் இருட்டு. அரிசி மூட்டை மேல் அம்மாவை உட்காரவைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கடியில் தண்ணீர் வந்தது. கூடத்துத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தால் படிக்கட்டில் மேலிருந்து ஆறு போல இறங்குகிறது. மொட்டை மாடி நிரம்பிவிட்டது. சவுக்கு இலை போய் வடிகுழாயை அடைத்திருக்க வேண்டும். அவ்வளவு தண்ணீரும் தலைக்கு மேலே நிற்கிறது என்று தோன்றியதும் படியேறி ஓடினேன். எழுந்து நிற்க முடியாத காற்று. மாடிக் கதவைத் திறந்து, படியிலேயே குப்புறப் படுத்து, கையை நீட்டினேன். குழாய்வாய் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. எல்லம்மா என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். ‘ஐயா, நீ பறந்து பூட்டா நான் யக்காவுக்கு இன்னா பதில் சொல்றது, சீக்கிரம் தோண்டு!’ என்று கத்திக்கொண்டே இருந்தாள். பிடி பிடியாக இலையை வாரி எடுத்தேன். கடைசியில் தண்ணீர் கையை உறிஞ்சி இழுக்கிற மாதிரி இறங்கியது. திரும்பி வந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். உன் அம்மாவுக்கு முன்னாலும் எல்லம்மாவுக்கு முன்னாலும் அழுதேன். நான்கு பக்கமும் சுவர். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. குடிவந்ததிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மூச்சு சீராக வந்தது அப்போதுதான்.

நீ வந்தாய், புதுக் கண்ணாடி போட்டாய், வடிகுழாய்க்கு வலை வைத்தாய், தூண்களைத் தட்டிப் பார்த்தாய். ‘புயலுக்கே தாங்கிடுச்சு பாத்தீங்களாப்பா’ என்றாய். ஆமாம், வீடு தாங்கியது. அதை நான் மறுக்கவில்லை. உன் தூண் ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் அந்த ஃபோன் காலைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ கண்ணாடி போட்ட ஆட்களிடம் கறாராகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு முறைகூட அந்தக் கண்ணாடிக்கு நேர் முன்னால் நிற்கவில்லை. ஓரமாகத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றாய். அதைப் பார்த்ததும் எனக்கு உன் மீது இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. என் பிள்ளைக்கும் பயமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அதனால்தான் அந்தப் படம் வந்தபோது எனக்குப் புரியவில்லை. அதில் ஒரு குடோன்கூட இல்லை. குழந்தையின் படுக்கை கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது. சூரியன் வருவதைப் பார்த்துக்கொண்டே குழந்தை எழுந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். நீ பயந்தாய், பிறகு அதை மறந்துவிட்டு வரைய உட்கார்ந்துவிட்டாயா? இல்லை, பயந்தது தெரியக்கூடாது என்று இன்னும் பெரிய கண்ணாடியாக வரைந்தாயா? நான் அப்படித்தான் செய்வேன். கண்ணாடி உடைந்த மறுநாள் அதே சாலையில் நான் பஸ்ஸைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நீ கிளம்புகிற நேரத்தில் இது எதற்கு என்று முதலில் சண்டை போட்டாள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். ‘எனக்கும்தாங்க பயமா கீது. அதுக்காக வூட்ட வுட்டுட்டுப் போவாங்களா?’ என்றாள். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது, அவள் அதை வாய்விட்டுச் சொன்னது. அப்புறம் திடீரென்று கேட்டாள்: ‘அந்த ரெண்டு வூட்டுக்காரங்களும் இன்னா ஆனாங்க? அவன் அன்னிக்குச் சொன்னானே.’ நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு குடும்பமும் பத்து வருடம்கூட அந்த வீடுகளில் இருக்கவில்லை. ப்ருனோக்காரர்கள் யூதர்கள், ஜெர்மானியப் படை வருவதற்கு முன்னால் பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போய்விட்டார்கள். பாரிஸ்காரர்களும் போர் வந்ததும் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் வைக்கோல் அடைத்தார்கள், இன்னொன்றில் குதிரை கட்டினார்கள். ஒழுகிய வீட்டையும் விட்டுவிட்டார்கள், ஒழுகாத வீட்டையும் விட்டுவிட்டார்கள். இதைக் கேட்டதும் அம்மா சொன்னாள்: ‘அப்ப அவங்க மழைக்கும் காத்துக்கும் பயந்து போவல. மனுஷனுக்குப் பயந்து போனாங்க. நம்ம புள்ள தெரியாத ஊருக்குத் தனியாப் போறான். நீங்க கண்ணாடியப் பத்தி எழுதறீங்க.’

அன்றைக்கு அவள் சொன்னதிலிருந்து எனக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. நீ போகப்போகிற ராட்டர்டாமில் உனக்கு யாரைத் தெரியும்? செய்திகளில் எதையெல்லாமோ பார்க்கிறேன். உன் நிறத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால் நீ என்ன செய்வாய்? உனக்குக் கோபம் வரும், வாயை மூடமாட்டாய். அங்கே நீ குடியிருக்கப்போகும் அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போட முடிகிறதா என்று முதல் நாளே பார். சிரிக்காதே. பயமாக இருக்கும்போது பயமாக இருக்கிறது என்று எங்களிடம் சொல். ‘ஒண்ணும் ஆகாதுப்பா’ என்று சொல்லாதே. அந்த வார்த்தை இனிமேல் நமக்குள் வேண்டாம். நீ புயல் அன்றைக்குக் கத்தினாயே, அந்தக் குரலில் பேசினால் போதும், நான் நம்புவேன்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நாங்கள் இங்கேதான் இருப்போம், அம்மா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். குடோனில் ஒரு ஃபேனும் விளக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்காக நீ எதையும் இடிக்க வேண்டாம், மாற்ற வேண்டாம். கேட்பது அந்த இன்னொரு வீட்டுக்காகத்தான். அதைக் கட்டாதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. உன் அம்மா காலையில் அந்தக் கடலைப் பார்க்கிற முகத்தைத் தினமும் பார்க்கிறவன் நான், அப்படி ஒரு வீடு கூடாது என்று என் வாயால் வராது. ஆனால் அந்தக் கணவனும் மனைவியும் நம் வீட்டை வெயில் அடிக்கிற நாளில்தான் வந்து பார்த்திருக்கிறார்கள். அம்மா பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள், அவர்கள் கண்ணாடியைத் தள்ளித் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்தப் பெண், ‘ஆண்ட்டி, நீங்க குடுத்து வச்சவங்க’ என்றாள். அம்மாவும் ஆமாம் என்றாள்.

வியாழக்கிழமை நல்ல மழை, காற்றோடு வரும் என்கிறார்கள். உனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விமானம். வியாழக்கிழமை மதியம் அவர்களை இங்கே அழைத்து வா. நான் டீ போட்டுத் தருகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். அம்மாவும் வாளியை ஒளித்துவைக்கமாட்டாள். கூடத்தில், அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நீயும் அவர்களோடு உட்கார். கதவு உதறட்டும், படிக்கட்டில் சொட்டட்டும். அதையெல்லாம் பார்த்த பிறகும் இதே மாதிரி வேண்டும் என்று அவர்கள் சொன்னால் கட்டிக்கொடு, நான் இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்.

அப்பா